மிக நல்ல கேள்வி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ஆமாம் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாயை மட்டும் மூடமாட்டார்கள். எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள் என்றாலும், இவர்கள் உச்சத்தில் இருக்கும் காலம் ஒன்று உண்டு. ஒரு கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவரும் காலம். அப்போது ஐ.டி. ஹெட் என்று ஒருவர் எழுந்து நிற்பார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். எல்லோருக்கும் எல்லோரையும், அவர்கள் மாமனார் வீடுவரைக்கும் தெரிந்த ஆபீசில் அது எதற்கு என்று கேட்காதீர்கள். கையில் ஒரு சின்னக் கருவி. அமுக்கினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளி மேலே போகும், கீழே போகும், வட்டமடிக்கும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு மட்டும் வராது.

நம்பாவிட்டால் ஆரப்பாளையம் வாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே மூன்று மாடி. 'மாதுளம்பூ நைட்டீஸ்' என்று போர்டு. நைட்டி, இன்ஸ்கர்ட் மொத்த வியாபாரம். முதலாளி துளசிராம் கீழே கல்லாவில் இருப்பார், குடோன் பின்னால், இரண்டாம் மாடியில், ஏசி ஓடும் ஒரே அறையில் கிரிதரன். இவர்தான் நம் ஆள்.

கிரிதரன் கெட்டவர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வரக்கூடாது. படித்தவர், நாற்பதைத் தாண்டியவர், விளாங்குடியில் சொந்த வீடு, நெற்றியில் பளிச்சென்று நாமம், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். வீட்டில் சௌராஷ்ட்ரம், தெருவில் தமிழ், மீட்டிங்கில் இங்கிலீஷ் என்று மூன்று மொழி சரளமாக வரும். அந்த மூன்றிலும் 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் அவருக்கு வராது. காலையில் மனைவி ரம்யாஸ்ரீ, "சிலிண்டர் புக் பண்ணியாச்சா?" என்று கேட்டால், "அது ஒரு ப்ராசஸ்ல இருக்கு" என்பார். ரம்யாஸ்ரீ உடனே தன் போனை எடுத்துத் தானே புக் பண்ணிவிடுவார். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, பழகிவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

கம்பெனியில் போன ஆடியில் புதிய ஏற்பாடு வந்தது. அதற்கு 'உதயம்' என்று பெயர். இந்த வகை மனிதர்கள் பெயர் வைக்காமல் எதையும் தொடங்கமாட்டார்கள். பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகக் கணக்கு. பெயர் வைத்தாயிற்று, கேக் வெட்டியாயிற்று. மதுரையில் காது குத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கும்போது கம்ப்யூட்டருக்கு வைக்காமல் விடலாமா? வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் முதலாளி கும்பிட்டபடி, மறுபக்கம் கிரிதரன் கைகட்டியபடி, நடுவில் உதிக்கும் சூரியன், கீழே 'மாற்றத்தை நோக்கி' என்று வாசகம். எது மாறுகிறது, யாருக்கு மாறுகிறது என்று அதில் எங்கும் இல்லை. வழியில் போகிறவர்கள் ஏதோ கட்சி ஆரம்பிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் மீட்டிங். வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம், ஊர் ஊராக ஆர்டர் பிடிக்க லைனுக்குப் போன சேல்ஸ்மேன்கள் எல்லாம் திரும்பி வந்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருக்கிற நேரம் பார்த்து மீட்டிங். வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் வைத்த பெயர் ஸ்டேக்ஹோல்டர்கள். குடோன் பொறுப்பாளர் பேயாண்டி, அதை 'ஸ்டாக்' என்று காதில் வாங்கிக்கொண்டு, சரக்கைப் பதுக்கியதாகத் தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று முதல் நாள் பயந்தே போனார். விஷயம் அவ்வளவு பெரிது இல்லை. கம்பெனியில் சம்பளம் வாங்குகிற, மாற்றம் வந்தால் மாட்டிக்கொள்கிற எல்லோருக்கும் பொதுவான பெயர் அது.

"முதல்ல உங்க எல்லாருக்கும் ஒரு பெரிய நன்றி" என்று தொடங்குவார் கிரிதரன். எதற்கு நன்றி? அவருக்கும் தெரியாது. பிறகு சுவரில் ஒரு மலை வரும், அதன் உச்சியில் நாலு வெள்ளைக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பிறகு கூட்டைப் பிய்த்துக்கொண்டு பட்டாம்பூச்சி ஒன்று வெளியே வரும். "இந்தப் பட்டாம்பூச்சி யாரு? நாமதான்" என்பார். முதல் மீட்டிங்கில் அந்தப் படத்தைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒரு குரல், "இந்த டிசைன் போன வருசம் போட்டோம்ல, ஓடவே இல்ல" என்றது. அதுதான் அந்தக் கூட்டத்தில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உருப்படியான தகவல்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கிரிதரன் ஒருநாளும் விஷயத்துக்கு வரமாட்டார், நாமாவது வருவோம்.

இந்தத் தொழிலில் 'மாத்துச் சரக்கு' என்று ஒன்று உண்டு. தீபாவளிக்கு முன்னால் சின்ன ஊர்க் கடைக்காரர் ஒரு மூட்டை நைட்டி எடுப்பார். எந்தக் கலர் ஓடும், எந்த அளவு விற்காமல் நிற்கும் என்று யார் கண்டது? தீபாவளி முடிந்ததும் நின்றுபோன நைட்டிகளைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டு அதே விலைக்கு வேறு கலர், வேறு அளவு கொடுத்துவிட வேண்டும். துணிக்குத் துணி. துளசிராமின் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இந்த ஒரு வாக்கை நம்பித்தான் பேரையூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் மாதுளம்பூ சரக்கைக் கைநீட்டி எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் நைட்டி தைக்க மதுரையில் ஆளா இல்லை?

உதயத்தில் அது இல்லை.

இல்லை என்றால் இல்லவே இல்லை. குடோனிலிருந்து ஒரு நைட்டி வெளியே போகவேண்டும் என்றால் பில் வேண்டும். பில் வேண்டும் என்றால் அது விற்பனையாக இருக்க வேண்டும். துணிக்குத் துணி மாற்றுவது விற்பனை இல்லை. ஆகவே வெளியே போகாது. அந்தச் சாஃப்ட்வேரை விற்ற சென்னைக் கம்பெனிப் பையன் ஆடி மாதமே போனில் பட்டென்று சொல்லிவிட்டான்: "அது உங்க பேக்கேஜ்ல கிடையாது சார். அடுத்த வருஷம் தனியா பண்ணிக்கலாம்." ஆனால் அதற்குள் கிரிதரன் முதலாளியிடம், "நம்ம தொழில்ல என்னென்ன இருக்கோ அம்புட்டும் இதுல இருக்கு முதலாளி" என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

ஒரு வார்த்தைதான். ஆடியிலேயே கீழே இறங்கிப் போய், 'முதலாளி, தப்பாச் சொல்லிட்டேன், மாத்துச் சரக்கு இதுல வராது' என்றால் என்ன ஆகியிருக்கும்? துளசிராம் ஒரு மணி நேரம் கத்துவார். பிறகு டீ சொல்லுவார். மாத்துச் சரக்குக்கு மட்டும் பழைய கம்ப்யூட்டரையே வைத்துக்கொள்ளச் சொல்லுவார். கதை அத்தோடு முடிந்தது. இது கிரிதரனுக்கும் தெரியும். தெரிந்தும் பயம். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, 'உனக்குத் தெரியலையா?' என்று ஒருவர் தன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். படித்தவர்களுக்கு வருகிற பயங்களில் இதுதான் மோசமானது.

தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் கிளம்புவார். விளாங்குடியில் வண்டியை எடுக்கும்போது மனசுக்குள் வாக்கியம் சுத்தமாக இருக்கும்: 'மாத்துச் சரக்கு உதயத்தில் வராது.' பாத்திமா காலேஜ் சிக்னலில் சிவப்பு விழும். அங்கே நின்றபடி யோசித்தால், 'வராது' என்பது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றும். 'இப்போதைக்கு வராது' என்று மாற்றுவார். பச்சை விழுந்து ரயில்வே பாலத்துக்குக் கீழே வரும்போது, 'இப்போதைக்கு' என்பது தோல்வி மாதிரி இருக்கிறதே என்று, 'இரண்டாம் கட்டத்தில் வரும்' என்று ஆகும். ஆரப்பாளையத்தில் டவுன் பஸ்களுக்கு நடுவே புகுந்து வண்டியை நிறுத்தும்போது, 'சரக்குப் பரிமாற்ற வசதிகள் வணிக முன்னுரிமைக்கேற்பப் பரிசீலனையில் உள்ளன' என்று வந்து நிற்கும். வீட்டில் கிளம்பிய வாக்கியம் ஆபீஸ் வந்து சேர்ந்ததே இல்லை.

அழகுபாண்டி என்று ஒருவர். பேரையூர் லைன் சேல்ஸ்மேன். இவர் ஒன்றும் உத்தமர் கிடையாது. போகிற இடமெல்லாம் அடுத்தவர் காசில் டீ குடிப்பார், மழை பெய்தால் லைனுக்குப் போகமாட்டார், வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கடைக்காரர்களிடம் கொடுத்த வாக்கை விழவிட்டதில்லை. அவர் லைனில் மூட்டை இறங்குவதே அந்த வாக்கால்தான். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கையைத் தூக்கி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"சார், மாத்துச் சரக்கு இதுல உண்டா, இல்லையா?"

"மிக நல்ல கேள்வி" என்றார் கிரிதரன், முகம் மலர்ந்து.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை மனிதர் உங்கள் கேள்வியை நல்ல கேள்வி என்றால் பதில் சுற்றிவளைத்து வரும். மிக நல்ல கேள்வி என்றால் பதிலே வராது. 'இதைத் தனியாகப் பேசுவோம்' என்றால் கேட்டவர் இனிமேல் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

"நல்ல கேள்விதான் சார். பதிலு?"

"இப்ப நாம இத எப்படிப் பார்க்கணும்னா அழகுபாண்டி, மாற்றம்ங்கிறது ஒரு பயணம்..."

"பயணம்னா பயணம், சரி. பேரையூர்ல பஸ்ஸு நிக்குமா நிக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிரிதரனும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் சிவப்புப் புள்ளி அடுத்த படத்துக்குப் போய்விட்டது. வெளியே படிக்கட்டில் பேயாண்டி கேட்டார்: "மாப்ள, என்னதான்டா சொன்னாரு?" அழகுபாண்டி யோசித்துப் பார்த்தார். "இல்லேன்னு சொல்லலயே. இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருப்பாருல்ல, படிச்ச மனுசன்." பேரையூர் போய்க் கடை கடையாகச் சொல்லிவிட்டார்: "வழக்கம் போலத்தான். எம்புட்டு நின்னாலும் மாத்திக் குடுத்துருவோம். நான் பொறுப்பு."

ஐப்பசி பிறந்ததும் கிரிதரனுக்குத் தூக்கம் குறைந்தது. கடைசியில் சொல்லியே விடுவது என்று துணிந்தார். எப்படி? வாயால் அல்ல, கம்பெனி வாட்ஸப் குரூப்பில். வணக்கம், நன்றி, உதயத்தின் பெருமை, தீபாவளி வாழ்த்து, குடும்பத்தினருக்கும் வாழ்த்து என்று நீண்டுபோன ஒரு செய்தி. அதன் வயிற்றுக்குள் எங்கோ, அந்தச் சரக்குப் பரிமாற்ற வாக்கியம். அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. 'சொல்லியாச்சு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தக் குரூப்பின் வழக்கம் உங்களுக்குத் தெரியாதே. மேலே இருந்து எது வந்தாலும் கட்டைவிரல் வைத்துவிட வேண்டும். ஒருமுறை விரல் வைக்காத ஒருவரை முதலாளி கூப்பிட்டு, "என்னப்பா, நம்ம பேச்செல்லாம் பிடிக்கலயா?" என்று விசாரித்தார். அன்றிலிருந்து விரல் முதலில், படிப்பது நேரம் கிடைத்தால். பேயாண்டியின் மாமனார் காலமான செய்திக்கே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்து, பேயாண்டியின் மனைவி ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. கிரிதரனின் செய்திக்கும் விழுந்தன. அழகுபாண்டியின் விரல், பேயாண்டியின் விரல், எல்லோருக்கும் முன்னால் முதலாளி துளசிராமின் விரல். கிரிதரன் அதைப் படம் பிடித்து அடுத்த மீட்டிங்கில் சுவரில் காட்டினார். தலைப்பு: 'முழு ஒப்புதல்'.

தீபாவளி போயிற்று. நல்ல வியாபாரம். வியாபாரம் ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை, பேரையூரிலிருந்து பாண்டீஸ்வரி வந்தார். ஐம்பது வயசுக்காரர், பேரையூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஜவுளிக்கடை; கணவர் போனபிறகு தனியாக நடத்துகிறார். இரண்டு மூட்டைகளைப் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இந்த முறை அழகுபாண்டியின் பேச்சை நம்பி வழக்கத்தைவிட அதிகமாக எடுத்திருந்தார். கரும்பச்சை முழுக்க நின்றுவிட்டது. குடோனில் பேயாண்டி கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மிசின் விடமாட்டேங்குது மதினி, பழைய மிசினையும் எடைக்குப் போட்டாச்சு" என்றார். லைனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அழகுபாண்டிக்கு முகம் வெளுத்தது. கிரிதரனைக் கீழே கூப்பிட்டார்கள்.

அவர் லேப்டாப்போடு இறங்கி வந்தார். பாண்டீஸ்வரிக்கு எதிரே அதைத் திறந்தார். அந்த மலை வந்தது.

"அம்மா, இது ஒரு நீண்டகால நோக்கம்..."

"தம்பி, படமெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. எனக்கு மாத்தித் தருவீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க. மூணு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் கூட்டம்."

"இரண்டாம் கட்டத்துல..."

"நான் கடைய மூடுன பெறகா?"

கல்லாவிலிருந்து துளசிராம் எழுந்து வந்தார். "என்ன கிரி, மாத்துச் சரக்கு இதுல இல்லையா? அம்புட்டும் இருக்குன்னியே?"

கிரிதரன் போனை எடுத்து நீட்டினார். குரலில் பிசிறே இல்லை. அதில் நல்ல பயிற்சி. "ஐப்பசியிலேயே எல்லாருக்கும் தெரியப்படுத்தி ஒப்புதலும் வாங்கியிருக்கேன் முதலாளி." துளசிராம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விரல்களைப் பார்த்தார். முதல் விரல் தன்னுடையது என்பதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதலாளியின் விரலும் தப்பாகக் கூடாது, முதலாளி பணம் போட்டு வாங்கிய கம்ப்யூட்டரும் தப்பாகக் கூடாது என்றால், மிச்சம் இருப்பது யார்?

"ஏன்யா அழகுபாண்டி, மெசேஜு வந்திருக்கு, விரலும் வச்சிருக்க. அப்புறம் எவனைக் கேட்டு ஊரெல்லாம் வாக்குக் குடுத்த?"

அழகுபாண்டி கிரிதரன் பக்கம் திரும்பினார். சார் என்பதை விட்டுவிட்டார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் வாரா வாரம் இதத்தான கேட்டேன்? கேட்டேனா, இல்லையா?"

ஆமாம் என்ற சொல் கிரிதரனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. பாண்டீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தார், பேயாண்டி பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்த மனுஷன் பிழைப்பான் என்று தெரியும். சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்ப நீ என்ன பதில் சொன்ன?' என்று வரும் என்பதும் தெரியும்.

"கேட்டாரு, கேக்கலைங்கிறதைவிட... புரிதல்ல ஒரு இடைவெளி இருந்திருக்கு முதலாளி" என்றார்.

அழகுபாண்டி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திட்டவில்லை. இரண்டு மூட்டைகளையும் தானே தூக்கித் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, "வாங்க மதினி, பஸ் ஏத்தி விடுறேன்" என்று வெளியே போனார். அதற்குப் பிறகு மாதுளம்பூவுக்குள் அவர் வரவில்லை. இப்போது வேறொரு கம்பெனிச் சரக்கோடு அதே பேரையூர் லைனில் போகிறார். பாண்டீஸ்வரியின் கடையில் அந்தக் கரும்பச்சை நைட்டிகள் அடக்க விலைக்கும் கீழே தொங்குகின்றன.

கிரிதரன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ரம்யாஸ்ரீ கேட்டதற்கு, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார். அது மட்டும் உண்மை. மறுவாரம் துளசிராம் அவரைக் கூப்பிட்டு, நம்ம ஆட்களுக்குச் சொன்னதைப் புரிந்துகொள்ளவே தெரியவில்லை, நீதான் பேசுவது எப்படி, கேட்பது எப்படி என்று எல்லோருக்கும் வகுப்பு எடுக்க வேண்டும் என்றார். சம்பளமும் கூடியது. வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிறது. கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவரும் கேட்பதில்லை.

நல்லவேளை, நமக்கெல்லாம் இந்த வியாதி இல்லை என்று இந்தப் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். புரட்டுங்கள். போன மாதம் ஒருவர் தம் பையனின் வேலை விஷயமாக உங்கள் வீட்டுக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? அது நடக்காது என்று அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்களுக்குத் தெரியும். உட்காரவைத்தீர்கள், காபி கொடுத்தீர்கள், "பாக்குறேன், சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினீர்கள். பெரிய மனுஷர் சொல்லியிருக்கிறார் என்று, அவர் இன்னும் அந்தப் பையனை வேறெங்கும் அனுப்பாமல் உங்கள் போனுக்காகக் காத்திருக்கிறார்.